இரத்தினபுரியில் மறைந்துபோன கத்தோலிக்க ஆலயம்

பழைய ஆலயமொன்றைப்பற்றிப் பேசுவோர் அதன் கோபுரத்தையும் மணியையும் பலிபீடத்தையும் வருணிப்பது வழக்கம். நேயர்களுக்கு இன்று யான் கூறவிருக்கும் ஆலயத்துக்கோ இவற்றுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது அது நின்ற மண்ணும், அதன் காலத்தை நினைவூட்டும் ஒரு கல்லுமே.

இரத்தினபுரி நகருக்கு மேற்கே, களு கங்கைக்கு அணித்தாக, மகா சமன் தேவாலயம் அமைந்துள்ளது. சிவனொளிபாத மலையின் காவல் தெய்வமாகச் சிங்கள மக்கள் போற்றும் சமன் தெய்வத்தின் தலைமைக் கோயில் இதுவே. 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகு மன்னனின் அமைச்சர் ஆரியகாமதேவர் இதனை எழுப்பினார் என்பது மரபு.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் சப்ரகமுவைக்குள் புகுந்தனர். 'சொப்ரகாம்' என அவர்கள் வழங்கிய இந்நாட்டில், ஆற்றுவழியையும் மலைவழியையும் ஒருங்கே காக்கத்தக்க இடம் இதுவெனக் கண்டனர். கோயிலை அழித்து, அவ்விடத்திலே கோட்டையும் கத்தோலிக்க ஆலயமும் அமைத்தனர். பின்னர் கண்டியரசின் கை ஓங்கியது, ஆலயம் மறைந்தது, சமன் கோயில் மீண்டும் எழுந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழவே, இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றாக முடிவுற்றது.

இன்று அங்கு செல்வோர் படிகளேறி உயர்ந்த மேடையை அடைவர். நீண்ட மண்டபத்தினூடே நடந்து கருவறையை நோக்குவர். அருகே பத்தினித் தெய்வத்துக்கும் சந்நிதி உண்டு. நம் கண்ணகியே அங்கு பத்தினியாக வீற்றிருக்கின்றாள். நீள்மண்டபத்தின் கோடியில் பீடத்தை வைத்து, வழிபடுவோர் கண்ணை அதன்பால் ஈர்ப்பதே கத்தோலிக்க ஆலயச் சிற்பநெறியும் ஆகும். நம் தமிழிலும் 'தேவாலயம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கின்றது.

இனி, அந்தக் கல்லைப் பார்ப்போம். கவசமணிந்த போர்த்துக்கேய வீரனொருவன் வாளேந்தி நிற்கின்றான். அவன் காலடியில் சிங்கள வீரனொருவன் வீழ்ந்து கிடக்கின்றான். வென்றவர் தம் பெருமைக்கெனச் செதுக்கிய சிற்பம் இது. கோயிலை மீட்டவர்கள் இதனை உடைத்தெறிந்திருக்கலாம். ஆயினும், தோல்வியைக் காட்டும் அக்கல் அக்கோயிலிலேயே இன்றும் பேணப்பட்டுள்ளது.

கத்தோலிக்க சமயம் இம்மாகாணத்தில் பின்னர் வேறு வழியாக வேரூன்றிற்று. 1893இல் நிறுவப்பெற்ற காலி மறைமாவட்டத்தின் பகுதியாகச் சப்ரகமுவ அமைந்தது. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருமார் அங்கு பணியாற்றினர். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தோருட் சிலரும் தம் முன்னோரின் கத்தோலிக்க விசுவாசத்தை உடன்கொணர்ந்தனர். 1995இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கெனத் தனி மறைமாவட்டம் உருவாயிற்று.

வாளின் துணையோடு எழுந்த ஆலயம் சில பத்தாண்டுகளே நின்றது. வாளின்றி, உழைக்கும் மக்களின் நெஞ்சில் எழுந்த வழிபாடோ நின்று நிலைத்தது. இதனை அறிய விரும்பும் நேயர்கள், இரத்தினபுரிக்குச் செல்லும்போது, அந்தக் கல்லின்முன் சிறிது நேரம் நின்று வருவார்களாக.