கணிப்பொறித் திரையில் முன்னோர் உயில்கள்

மாந்தன் தன் வாழ்நாளில் பேசும் சொற்கள் பலவாகும். அவன் மறைந்த பின்னும் நின்று பேசும் சொற்களோ மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று உயில். தமிழ் முஸ்லிம்கள் இதனை 'வசிய்யத்' என்பர். இஸ்லாமியச் சட்ட மரபில் வாரிசுகளின் பங்குகளைத் திருமறையே வகுத்துவிட்டது. கடன் முதலியன போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே வாரிசல்லாதார்க்கு வசிய்யத் செய்யலாம் என்பது நாம் அறிந்த நெறி. ஆங்கில நாட்டுச் சட்டமோ காலப்போக்கில் உயில் எழுதுவோர்க்குப் பேருரிமை அளித்தது. யார்க்கு எது என்பதை அவரே பெயர் கூறி எழுத வேண்டியதாயிற்று. ஆதலின் அந்நாட்டு உயில்களில் மனைவி, மக்கள், உடன்பிறந்தார், பேரர், பணியாளர் ஆகியோர் பெயர்கள் நிரம்பக் கிடைக்கின்றன. குடும்ப வரலாறு தேடுவோர்க்கு அவை புதையலாக விளங்குவதன் காரணம் இதுவே. இன்று அவற்றுட் பல கணிப்பொறி வழியே காணக் கிடைக்கின்றன. அவற்றை அடையும் வழியினையும் படிக்கும் முறையினையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முதற்படி: ஆண்டு அறிதல்

இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளின் உயில்களைத் தேடுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய நாள் 1858 ஜனவரி 12. அதற்கு முன்னர் உயில்களை மெய்ப்பித்து ஏற்கும் அதிகாரம் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. அந்நாள் முதல் அவ்வதிகாரம் அரசின் கைக்கு மாறியது.

1858க்குப் பிற்பட்டவற்றைத் தேடுவது எளிது. ஆண்டுதோறும் அகரவரிசையில் அச்சிடப்பட்ட பட்டியல் உண்டு. இறந்தவர் பெயர், இறந்த நாள், வாழ்ந்த ஊர், உயிலை நிறைவேற்றியோர், சொத்தின் மதிப்பு ஆகியவற்றை அது தரும். அரசின் இணையச் சேவையில் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடிக் கட்டணம் செலுத்தினால் உயிலின் படி கிடைக்கும்.

1858க்கு முற்பட்டவற்றில்தான் இடர்ப்பாடு மிகுதி. அக்காலத் திருச்சபை நீதிமன்றங்கள் பல படிநிலைகளைக் கொண்டவை. ஒரே வட்டாரத்தில் மட்டும் பொருளுடையார் உயில் அவ்வட்டார நீதிமன்றத்திற்குச் சென்றது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆயர் மண்டிலங்களில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் பொருளுடையார் உயில் தெற்கே கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்திற்கும் வடக்கே யார்க் பேராயரின் நீதிமன்றத்திற்கும் சென்றது. கடலிலோ அயல்நாட்டிலோ இறந்தோர் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரிக்கே வந்தன. எந்த நீதிமன்றம் என்று தெளியாமல் தேடத் தொடங்குவது கிணறு அறியாது கயிறு விடுவதனை ஒக்கும்.

கிடைக்கும் இடங்கள்

கேன்டர்பரி நீதிமன்றத்தின் பதிவேடுகள் 1384 முதல் 1858 வரையிலானவை. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட உயில்களைக் கொண்டவை. இலண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் இவற்றைப் படமாக்கித் தன் 'டிஸ்கவரி' பட்டியலில் வைத்துள்ளது. பட்டியலில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. வேல்சு நாட்டுத் திருச்சபை நீதிமன்றங்களின் உயில்கள் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்திற்கு மேற்பட்டவை. அவற்றை வேல்சு தேசிய நூலகம் எவரும் கட்டணமின்றிப் பார்க்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. ஸ்காட்லாந்து உயில்களை 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' என்னும் அரசுத் தளத்தில் காணலாம்.

தேடும்போது மூன்று செய்திகள் நினைவில் நிற்க வேண்டும். முதலாவது, அக்காலத்தில் பெயர்களுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லை. ஒரே பெயரை ஐந்தாறு வகையாக எழுதித் தேடுதல் வேண்டும். இரண்டாவது, பட்டியலில் உள்ள ஆண்டு உயில் ஏற்கப்பட்ட ஆண்டே. இறந்த ஆண்டு அன்று. ஆதலின் சில ஆண்டுகள் தள்ளியும் பார்த்தல் நலம். மூன்றாவது, 1752க்கு முன்னர் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச்சு 25 அன்று பிறந்தது. 1700 பிப்ரவரி என்று எழுதியிருப்பின் நம் கணக்கில் அது 1701 பிப்ரவரி ஆகும்.

படிக்கும் முறை

கேன்டர்பரிப் பதிவேடுகளில் நாம் காண்பது மூல உயில் அன்று. எழுத்தர் பெயர்த்தெழுதிய படியே. ஆகவே அதன் அடியிலுள்ள பெயரைக் கண்டு, "இது எம் பாட்டனார் கையெழுத்து" என மகிழ்தல் பிழையாகும். மூலங்கள் தனித்தொகுதியாக உள்ளன. பழைய எழுத்து வடிவங்களைப் பயில்வதற்குத் தேசிய ஆவணக் காப்பகமே இணையத்தில் இலவசப் பாடங்கள் தருகின்றது. உயிலின் இறுதியில் நீதிமன்றம் சேர்க்கும் ஏற்புக் குறிப்பு 1733 வரை பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். அதில்தான் ஏற்கப்பட்ட நாளும் நிறைவேற்றுவோர் பெயரும் அமையும்.

அப்பழைய உயில்கள் இறைவன் பெயரால் தொடங்குவதை மரபாகக் கொண்டவை. எச்செயலையும் இறைவன் திருப்பெயரால் தொடங்கும் நமக்கு இது அயன்மையாகத் தோன்றாது. மற்றுமோர் ஒப்புமையும் உண்டு. யார்க் மாகாணத்தில் பழைய வழக்கப்படி, மனைவியும் மக்களும் உள்ளவர் தம் அசையும் பொருளில் மூன்றில் ஒரு பங்கினை மட்டுமே விரும்பியவாறு எழுத இயன்றது. ஏனைய இரு பங்குகளும் மனைவிக்கும் மக்களுக்கும் உரியன. அம்மாகாணத்தின் பெரும்பகுதியில் 1692ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கினை நீக்கிற்று.

உயில் சொல்லாதவை

உயிலில் உள்ளதைப் போன்றே இல்லாததும் பொருளுடையது. மூத்த மகன் பெயர் காணப்படவில்லையெனில் தந்தை அவனை வெறுத்தார் என்று முடிவு கட்டலாகாது. நிலம் முன்னரே அவனுக்குச் சேர்ந்திருக்கலாம். 'மருமகன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அக்காலத்தில் மனைவியின் முன்மணத்து மகனையும் குறித்தது. திருமணமான பெண்கள், 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை, பொதுவாகக் கணவர் இசைவின்றி உயில் எழுத இயலாதவர்கள். ஆதலின் பெண்கள் எழுதிய பழைய உயில்களில் பெரும்பாலானவை கைம்பெண்களும் மணமாகாதாரும் எழுதியவையே. ஏழை மக்களுள் மிகப் பலர் உயிலே எழுதவில்லை.

இவ்விடத்தில் நம் மண்ணின் தொடர்பும் எழுகின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாண உயில்கள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவற்றின் படங்களைக் கட்டண இணையத்தளமொன்று வழங்குகின்றது. அவ்வுயில்கள் சிலவற்றில், உடன் வாழ்ந்த இந்தியப் பெண்ணுக்கும் அவள் பெற்ற மக்களுக்கும் பொருள் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அப்பெண்ணின் பெயர் சிலவற்றில் இல்லை. குழந்தையின் தாய் என்ற அளவில் நின்றுவிடும். கரீபியத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் எழுதிய உயில்களில் அடிமைகள் கால்நடைகளோடு சொத்தாக எண்ணப்பட்டனர். எனினும், அவ்வடிமைகளின் வழித்தோன்றல்கள் பலர்க்குத் தம் முன்னோர் பெயரைக் காட்டும் அரிய சான்றுகளுள் அக்கொடிய ஆவணங்களும் அடங்கும்.

எரிந்தவையும் எஞ்சியவையும்

1922 ஜூன் 30 அன்று டப்ளின் நகரில் நடந்த உள்நாட்டுப் போரில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த மூல உயில்கள் ஏறத்தாழ முழுமையாக அழிந்தன. வேறிடங்களில் இருந்த படிகளும் பட்டியல்களும் குறிப்புகளுமே இன்று அந்நாட்டவர்க்குத் துணை. படியெடுத்து வைத்தலின் பயனை உணர்த்த இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் படி இருப்பதால் மூலம் வேண்டா என்று கொள்ளலாமா? 2023 டிசம்பரில் பிரித்தானிய அரசு ஒரு கருத்துக் கேட்பினை வெளியிட்டது. 1858க்குப் பிற்பட்ட உயில்களைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டு, புகழ்பெற்றோர் உயில்கள் நீங்கலாக, பழைய தாள்களைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழிக்கலாம் என்பது அதன் கருத்து. வரலாற்றறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதற்கு இரு திங்கள் முன்னர்தான், 2023 அக்டோபரில், பிரித்தானிய நூலகம் கணிப்பொறித் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் இணையச் சேவைகள் பல திங்கள் முடங்கிக் கிடந்தன. தாள் தீயால் அழியும். திரை ஒரு நொடியில் இருளும். இரண்டும் இருத்தலே காப்பாகும். அன்றியும், இன்று புகழ்பெறாத ஒருவர் நாளை ஆய்வாளர்க்கு இன்றியமையாதவர் ஆகலாம் என்பதனை யார் முன்னறிந்து கூற இயலும்?

நிறைவுரை

ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில் மனைவிக்குத் தம் இரண்டாவது சிறந்த கட்டிலை விட்டுச் சென்றார். அச்சிறு வரியின் பொருள் குறித்து அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். புகழ்பெற்றார் கட்டிலுக்கு இத்துணைப் பேச்சு எனில், பெயரறியா ஒரு பணிப்பெண்ணுக்கு விடப்பட்ட போர்வையும் அவள் வழிவந்தார்க்கு ஒரு வரலாறே அன்றோ! உயில்களைத் தேடும் நாம் பொருளைத் தேடவில்லை, பெயர்களைத் தேடுகின்றோம். நமக்குப் பின் வருவோரும் அவ்வாறே தேடுவர். அவர்களுக்காக, உரிய பங்கினை உரியவர்க்கு வழங்குவதோடு, உரியவர் பெயரையும் தெளிவுற எழுதி வைத்தல் நம் கடனாகும்.