கணக்குக் கேட்பார் இல்லாத ஊர்

புதுவையின் கிராமப்புறத்தில் ஓர் அலுவலகத்துக்கு எதிரே, தேநீர்க் கடை பெஞ்சில், கணவர் இறந்தபின் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துவிட்டு மூன்றாம் முறையாக நடந்து வந்திருந்த ஒரு மூதாட்டி, ரேஷன் அட்டையின் நகலை நான்காய் மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது பணம் கேட்டார்களா என்று விசாரித்தேன். "யாரும் கேக்கல தம்பி. ஆளைப் பிடிக்காம நம்ம காகிதம் எங்க நகரப் போவுது?" என்றார். முந்தானையில் முந்நூறு ரூபாய் முடிந்திருந்தது.

கேளாத இலஞ்சத்துக்கும் ஜனங்கள் முன்கூட்டியே சித்தமாகிவிடுகிற இந்த மனோநிலையே, ஒரு ஸ்தாபனத்தின் மீதிருந்த நம்பிக்கை செத்துவிட்டதற்கு அடையாளம் என்று கருதுகிறேன். ஊழல் ஒரே நாளில் குடியேறுவதில்லை. ஒரு கோப்பு காரணமின்றித் தாமதிக்கிறது, தாமதத்தைப் போக்க ஒரு தரகர் தோன்றுகிறார், அவருக்குக் கொடுத்த கூலி நாளடைவில் மாமூலாகிறது. பிறகு அதை வாங்க மறுக்கும் உத்தியோகஸ்தர் சகாக்களிடையே தனித்துப் போக, கொடுக்க மறுக்கும் குடியானவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்குகிறார்.

கணக்குக் கேட்க ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது இந்த நோய் எளிதில் வேரூன்றுகிறது. புதுவையில் 1880-இல் பிரெஞ்சு அரசின் ஆணையால் முனிசிபல் சபை பெற்ற பழைய கொம்யூன்கள் பாகூரும் வில்லியனூரும். அத்தகைய ஊர்களில், 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் சென்றன. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் தேர்தல் நின்றுபோயிற்று. நிர்வாகம் அரசு நியமிக்கும் ஆணையர் கையில் இருக்கிறது. ஆணையர்களில் நேர்மையாளர் பலர் உண்டு. ஆயினும் இடமாற்றல் உத்தரவு வந்தால் புறப்பட்டுவிடும் ஒருவரை, சாக்கடை வேலை ஏன் பாதியில் நிற்கிறதென்று தெருமுனையில் மறித்துக் கேட்க முடியாது. அடுத்த தெருவில் குடியிருக்கும் வார்டு மெம்பரைக் கேட்கலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவரும் திருடக்கூடும் என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாமற் போனவரை மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக்கின. கையூட்டு வாங்கியவர், பிராயச்சித்தம் செய்து சுத்தரான பின்னும், ஆயுள் முழுவதும் வாரியத்துக்கு வர முடியாது. பணத்தைக் கையாளுகிறவன் சொந்த ஊராருக்கு முன்னால் கணக்கைப் படித்தாக வேண்டும் என்ற அந்த அச்சத்துக்கு ஈடான காவல், எத்தனை ரகசிய விசாரணை வைத்தாலும் கிட்டாது.

பஞ்சாயத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243E பிரிவு விதிக்கிறது. 2006-இல் பாகூரிலும் வில்லியனூரிலும் பிறந்த குழந்தைகள் இப்போது வாக்காளர்களாகிவிட்டார்கள். தங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவர்கள் ஒரு முறையும் வாக்களித்ததில்லை.