இசை நாடகப் பாடகரின் தொழில் வாழ்வு: பாக்கு நீரிணையின் இரு கரைகள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் மக்கள் குடியிருக்கும் நிலமாகத் தென்மேற்கே கடைசியிற் கிடப்பது நெடுந்தீவு. அங்கிருந்து நோக்குவோருக்கு யாழ்ப்பாணம் ஒரு கரை, இராமேசுவரம் மறுகரை. தமிழ் இசை நாடகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கரையில் நின்றே எழுதியுள்ளனர். இரு கரைகளையும் ஒருங்கே பார்க்கத்தக்க இந்நிலையிலிருந்து ஒரு வினாவை எழுப்புவது எமது நோக்கமாகும். பாடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கலைஞரின் வாழ்க்கைப் போக்கைத் தீர்மானிப்பது எது? குரல் வளமும் பயிற்சியும் என்பது வழக்கமான விடை. அவ்விடை போதாது. குரல் எங்கே, யாரால், எந்த விலைக்குக் கொள்ளப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்வாழ்வு விளங்காது.

இதன்பொருட்டுக் கரைக்கொருவராக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). மற்றவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989).

முதலில் அவர்கள் தொழில் செய்த களத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவில் அரண்மனைகளில் வளர்ந்த ஒப்பேரா, 1637ஆம் ஆண்டு வெனிஸ் நகரிற் கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்கான அரங்கொன்று திறக்கப்பட்டபோது சந்தைக்கு வந்தது. அரசனுக்குப் பாடிய குரல் சீட்டு வாங்கியவனுக்கும் பாடத் தொடங்கிற்று. தமிழரிடையே இதனையொத்த மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் திரையும் காட்சிகளும் நுழைவுச் சீட்டும் வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புராணக் கதைகளை இப்புதிய மேடைக்குரிய பாடல்களாகவும் உரையாடல்களாகவும் அமைத்துத் தந்தார். தென்னிந்தியக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து நடித்தபோது, இங்குள்ள மக்கள் அக்கலையைக் ‘கொட்டகைக் கூத்து’ என்றனர். அப்பெயரே ஒரு சமூகச் செய்தியைச் சொல்லுகின்றது. கூத்தின் வட்டக்களரியைச் சுற்றி வேலி இல்லை; கொட்டகைக்கோ வாயில் உண்டு, வாயிலிற் காசு வாங்குபவனும் உண்டு.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் பாடகரின் தொழில் கடுமையான உடலுழைப்பாகவே இருந்தது. ஆர்மோனியத்தை உயர்ந்த சுருதியில் வைத்து, கடைசி வரிசையிற் குந்தியிருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி, விடியும்வரை பாடவேண்டும். ‘ஸ்பெஷல்’ நாடகம் எனப்பட்ட முறையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஓர் இரவுக்கென்று தனித்தனியே அமர்த்தப்பட்டனர். ஒத்திகை இல்லாமலே மேடையேறி, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டால் விடையிறுத்தனர். தொண்டை கட்டிக்கொண்டால் அடுத்த இரவின் ஊதியம் இல்லை. குரலைத் தவிர விற்பதற்கு வேறெதுவுமற்ற தொழிலாளராகவே இவர்களை நாம் கருதவேண்டும்.

வறுமையில் வளர்ந்த சுந்தராம்பாள் சிறுமியாகவே வேலு நாயர் நாடகக் குழுவில் மேடையேறினார். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் தென்னிந்தியக் கலைஞருக்கு இலங்கை எட்டாத நாடன்று. 1920களிற் கொழும்பு மேடையிலேதான் அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்தனர். இருவர் குரலும் ஒன்றோடொன்று போட்டியிட்ட அம்மேடை பெருங்கூட்டத்தை ஈர்த்தது. வாழ்விலும் இருவரும் இணைந்தனர். கிட்டப்பா 1933இல் தமது 27ஆம் வயதிற் காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளையுடுத்து, ஆடவரோடு சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, அவர் கச்சேரி மேடைக்குச் சென்றார்.

இம்மாற்றத்தைத் தனிப்பட்ட துயரத்தின் விளைவென்று மட்டும் கொள்வது முழுமையாகாது. நாடகமேடைப் பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த அதே சமூகம், வெள்ளுடையும் திருநீறும் அணிந்து பக்திப் பாடல் பாடிய பெண்ணை ‘அம்மா’ என்று போற்றிற்று. குரல் ஒன்றுதான், அதற்குக் கிடைத்த மதிப்பு வேறு. அம்மதிப்புக்கு அவர் கொடுத்த விலை, இளமையிலேயே ஏற்றுக்கொண்ட துறவுக்கோலம். மறுபுறம் இசைத்தட்டும் திரைப்படமும் அக்குரலுக்குப் புதிய சந்தையைத் திறந்தன. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். காங்கிரசு மேடைகளில் ஒலித்த அக்குரல் அரசியல் வலிமையும் பெற்றது. 1951இற் சென்னை மேலவை உறுப்பினரானார். ‘ஔவையார்’ (1953), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்கள் அவரை அடுத்த தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தன.

இக்கரையில் நிலை வேறு. வைரமுத்துவின் குரல் எவ்வகையிலும் குறைந்ததன்று. வசந்தகான சபாவை நிறுவி, அரிச்சந்திரன், நந்தனார், சத்தியவான் முதலிய வேடங்களில் வடபுலத்து மக்களை அவர் ஆண்டார். ‘மயான காண்ட’த்தை மட்டும் 3000 தடவைக்கு மேல் நடித்தார் என்பது மக்களிடை வழங்கும் கணக்கு. ஆனால் யாழ்ப்பாணத்திற் குரலைப் பொருளாக்கிப் பெருக்கும் மூலதனம் வளரவில்லை. இங்குள்ள திரையரங்குகளை நிரப்பியவை தமிழகப் படங்களே. கலைஞரை அமர்த்தியவர் பெரும்பாலும் கோயில் திருவிழா உபயகாரர். உபயகாரரிடையிலான போட்டியே கலைஞரின் சந்தை. ஒரு தடவை பதிந்த குரலை ஆயிரம் ஊர்களில் விற்கும் வசதியற்ற இடத்தில், ஆயிரம் ஊர்களுக்கும் கலைஞரே நடக்கவேண்டியிருந்தது. அந்த 3000 என்ற எண்ணைப் பெருமையாக மட்டும் படிப்பது தவறு. அது ஓர் உழைப்புக் கணக்குமாகும்.

மயான காண்டத்தை மக்கள் சலியாது கேட்டமைக்கும் காரணம் உண்டு. அங்கே வருபவன் மகுடம் தரித்த அரசன் அல்லன். தன்னையே விற்று, சுடலையில் இன்னொருவனுக்குக் கூலியாளாய் நிற்பவன். பெற்ற மகனின் பிணத்துக்கும் எசமானின் கட்டணத்தைக் கேட்கவேண்டியவன். பிறர் நிலத்திலும் பிறர் தோணியிலும் கூலி வேலை செய்தோர் அப்பாத்திரத்திலே தம்மைக் கண்டனர். பாடியவரும் ஓர் இரவுக்கு விலைபோனவரே.

நந்தன் கதையில் இரு கரைகளும் சந்திக்கின்றன. கோபாலகிருஷ்ண பாரதியார் தமது ‘நந்தனார் சரித்திர’த்திற் பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் படைத்தார், அதனாற் பக்திக் கதை பண்ணையாள் கதையுமாயிற்று. திரைப்படத்தில் நந்தனாகச் சுந்தராம்பாளும் வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் தோன்றினர். யாழ்ப்பாணத்திலோ இக்கதை மேடைக்கு வெளியேயும் நடந்துகொண்டிருந்தது. இசை நாடகக் கலைஞர் பலர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர். வெளிவீதியில் அவர்கள் பாட்டைக் கேட்டு விடியும்வரை உருகிய ஊர், விடிந்தபின் அவர்களுக்கு உள்வீதியைத் திறக்கவில்லை. காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. ரசனை மட்டும் சாதியைக் கரைத்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோயிற் கதவைத் தட்டியது, ரசனைக்கு அப்பால், ஒழுங்கமைந்த மக்கள் போராட்டமே.

விடியும்வரை நடக்கும் கலைக்கு அஞ்சாது நடமாடத்தக்க இரவு வேண்டும். தீவுகளுக்கு அஞ்சாது கடக்கத்தக்க கடலும் வேண்டும். போர் இரண்டையும் பறித்தது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் கொல்லப்பட்டனர். வைரமுத்து மறைந்த மறு ஆண்டு, 1990இல், காங்கேசன்துறை மக்களே இடம்பெயர்ந்தனர். உபயகாரரும் கேட்போரும் சிதறியபோது தொழிலின் அடித்தளம் சிதைந்தது.

இன்று சுந்தராம்பாளின் குரல் இசைத்தட்டிலும் படத்திலும் எளிதிற் கிடைக்கின்றது. வைரமுத்துவின் குரலிற் சிறு பகுதியே ஒலிப்பதிவில் எஞ்சியுள்ளது. பெரும்பகுதி கேட்டவர் நினைவில் வாழ்கின்றது. மூலதனம் காத்தது நிலைத்தது, மக்கள் காத்தது மக்களோடு மறைகின்றது. ஆதலால் தீவகத்திலும் வலிகாமத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ள முதியோரிடம் சென்று, எந்தத் திருவிழாவில் யார் பாடினர், யார் அமர்த்தினர், என்ன கொடுத்தனர், யார் எங்கே அமர்ந்து கேட்டனர் என்பவற்றைப் பதிவுசெய்தல் எம்போன்ற ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். ஊதியமும் இருக்கை ஒழுங்கும் இடம்பெறாத கலை வரலாறு புகழுரையாகவே எஞ்சும். உழைத்த குரல்களுக்குப் புகழுரை போதாது, கணக்கும் வேண்டும்.