சமையல் எரிவாயு அடுப்பு

சமையல் எரிவாயு அடுப்பு என்பது நீர்மப் பெட்ரோலிய வளிமத்தை எரித்துச் சமையலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தரும் வீட்டுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது கேஸ் அடுப்பு அல்லது கேஸ் ஸ்டவ் எனப்படுகின்றது. நன்கு பேணப்படும் அடுப்பொன்று பல ஆண்டுகள் உழைக்கும். அக்காலத்தில் அது எரிக்கும் எரிவாயுவின் விலை, அடுப்பின் விலையைப் போலப் பல மடங்காகும். எனவே சிக்கனமான அடுப்பு எது என்பதைக் கடையில் சொல்லும் விலையை மட்டும் கொண்டு அறிய இயலாது. அடுப்பின் வெப்பத்திறன், பாதுகாப்பு, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வரலாறு

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் 1826ஆம் ஆண்டில் எரிவாயு அடுப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து அடுப்புகள் நிலக்கரியிலிருந்து பெறப்பட்ட வளிமத்தில் இயங்கின. அவ்வளிமம் குழாய் வழியாகவே வந்தமையால், குழாய் பதிக்கப்பட்ட நகரங்களுக்கு வெளியே இவ்வடுப்பு பரவ வழியில்லை. புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வளிமங்களை மிதமான அழுத்தத்தில் நீர்மமாக்கி உருளைகளில் அடைக்கும் முறை வந்த பின்னரே சிற்றூர்களுக்கும் எரிவாயு செல்ல முடிந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் வழங்கப்பட்டது.

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருமங்கலம் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. இவ்வட்டாரத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் செலவில்லாத விறகாகப் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் தமிழகத்தில் அமைந்த தி.மு.க. அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புடன் அடுப்பும் இலவசமாக வழங்கும் திட்டத்தை 2007இல் தொடங்கியது. நடுவண் அரசின் உஜ்வாலா திட்டம் 2016ஆம் ஆண்டு மே 1 அன்று தொடங்கப்பட்டது. 2021இல் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் உருளையும் கட்டணமின்றி வழங்கப்பட்டன.

இத்திட்டங்கள் அடுப்பு வாங்கும் செலவைக் குறைத்தன. எனினும் அடுத்தடுத்த உருளைகளை வாங்கும் செலவு குடும்பத்தின் மீதே உள்ளது. உருளை வாங்கப் பணமில்லாத நாட்களில் பல வீடுகள் மீண்டும் விறகுக்கும் புகைக்கும் திரும்புகின்றன. ஆகவே எரிவாயுவைக் குறைவாகச் செலவிடும் அடுப்பு, வசதியற்ற குடும்பத்துக்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

செயற்படும் முறை

உருளையிலிருந்து வரும் வளிமத்தின் அழுத்தத்தை ரெகுலேட்டர் சுமார் 3 கிலோபாசுக்கல் அளவுக்குக் குறைக்கின்றது. பின்னர் வளிமம் ரப்பர் குழாய் வழியாக அடுப்பை அடைந்து, ஜெட் எனப்படும் நுண்துளை வழியே விரைந்து வெளியேறுகின்றது. அவ்விரைவு பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது. செருமானிய வேதியியலாளர் இராபர்ட் புன்சனின் பெயரால் அறியப்படும் ஆய்வக அடுப்பும் இதே முறையில் இயங்குவதாகும். காற்றும் வளிமமும் கலந்த கலவை பர்னரின் துளைகளில் எரிகின்றது.

ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரியச் சுமார் 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரியச் சுமார் 31 பங்கு காற்றும் தேவை. காற்று போதுமான அளவில் கலந்தால் சுடர் நீல நிறமாக இருக்கும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள்கள் ஒளிர்வதால் சுடர் மஞ்சளாகின்றது. பாத்திரத்தின் அடியில் கரி படிகின்றது. நச்சு வளிமமான கார்பன் ஓரொட்சைட்டும் உண்டாகலாம். எனவே மஞ்சள் சுடர், எரிவாயு வீணாவதன் அடையாளம் மட்டுமன்று. உடல்நலத்துக்குக் கேடு என்னும் எச்சரிக்கையும் ஆகும்.

வெப்பத்திறனும் செலவும்

எரிவாயு வெளியிடும் வெப்பத்தில் எத்தனை விழுக்காடு பாத்திரத்தில் உள்ள பொருளைச் சென்றடைகின்றது என்பதே அடுப்பின் வெப்பத்திறன் ஆகும். வீட்டு எரிவாயு அடுப்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4246 ஆகும். இதன்படி வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 60 விழுக்காடு வெப்பத்திறன் கொண்ட அடுப்பில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 10 உருளைகளைச் செலவிடுவதாகக் கொள்வோம். ஓர் உருளையில் 14.2 கிலோகிராம் வீதம் இது 142 கிலோகிராம் ஆகும். அதே சமையலை 68 விழுக்காடு அடுப்பில் செய்தால் ஏறத்தாழ 125 கிலோகிராம், அதாவது 8.8 உருளைகள் போதும். 72 விழுக்காடு அடுப்பில் 8.3 உருளைகள் போதும். தரமற்ற அடுப்பை வாங்கியவர், பத்து ஆண்டுகளில் 68 விழுக்காடு அடுப்பை வாங்கியவரை விட 12 உருளைகளைக் கூடுதலாக வாங்க நேரிடும். கடையில் மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய் இந்த இழப்பை ஈடு செய்யாது.

தெரிவு செய்கையில் கவனிக்க வேண்டியவை

தர முத்திரை: அடுப்பின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 4246 என்னும் எண், உற்பத்தியாளரின் உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஆற்றல் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு இருப்பின், கூடுதல் நட்சத்திரம் கூடுதல் வெப்பத்திறனைக் குறிக்கும்.

பர்னர்களின் எண்ணிக்கை: நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு பர்னர்கள் பெரும்பாலும் போதுமானவை. பர்னர்களின் எண்ணிக்கையை விட அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு முதன்மையானது. ஒரு புறம் இட்லிப் பானையையும் மறுபுறம் குழம்புச் சட்டியையும் ஒரே நேரத்தில் வைக்க இடமில்லையெனில், மூன்றாவது பர்னர் இருந்தும் பயனில்லை. தோசைக்கல்லுக்குப் பெரிய பர்னரும், தாளிப்புக்கும் தேநீருக்கும் சிறிய பர்னரும் ஏற்றவை.

பர்னரின் உலோகம்: பித்தளை பர்னர் விலை கூடியது. ஆயினும் அலுமினியக் கலவையை விட உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கும். துளைகள் எளிதில் உருக்குலையா. பணம் குறைவாக இருப்பின் பளபளப்பான மேற்பரப்பை விட்டுவிட்டு நல்ல பர்னரைத் தெரிவு செய்வதே சிக்கனம் ஆகும்.

மேற்பரப்பு: துருப்பிடிக்காத எஃகுத் தகடு அடிபட்டாலும் உடையாது. கண்ணாடி மேற்பரப்பைத் துடைப்பது எளிது. ஆனால் கனத்த பாத்திரம் விழுந்தாலோ, சூடாக இருக்கையில் குளிர்ந்த நீர் பட்டாலோ உடையக்கூடும். கனமான கலங்களைப் புழங்கும் வீட்டுக்கு எஃகே ஏற்றது.

பற்றவைப்பு: தானாகப் பற்றும் அடுப்பில் பொங்கி வழியும் பாலும் கஞ்சியும் பொறிமுனையில் படிந்தால் பொறி எழாது. லைட்டரால் பற்றவைக்கும் அடுப்பு விலை குறைந்தது; பழுதும் குறைவு.

பழுதுபார்த்தல்: குமிழ், ஜெட், பர்னர் ஆகியவை உள்ளூரில் கிடைக்குமா என்று வாங்கும் முன்னரே கேட்டறிதல் நன்று. சுடர் பெரிதாக வேண்டும் என்பதற்காக ஜெட்டின் துளையை ஊசியால் அகலப்படுத்துவது தவறு. அதனால் வளிமம் மிகுந்து காற்றின் விகிதம் குறைகின்றது.

எரிவாயு முகவரிடமே அடுப்பை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் நுகர்வோருக்கு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற அடுப்பை எக்கடையிலும் வாங்கலாம். உணவகங்களில் பயன்படும் உயர் அழுத்த அடுப்பு வீட்டு ரெகுலேட்டருடன் இணைப்பதற்கு உரியதன்று.

பாதுகாப்பு

நீர்மப் பெட்ரோலிய வளிமம் காற்றை விடக் கனமானது. கசிந்தால் அது மேலெழாமல் தரையில் தேங்குகின்றது. எனவே உருளையை நிமிர்ந்த நிலையில் தரையிலும், அடுப்பை அதைவிட உயரமான மேடையிலும் வைக்க வேண்டும். குழாயும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். எஃகுக் கம்பியால் வலுவூட்டப்பட்ட சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடிப்புக் கண்டால் உடனே மாற்ற வேண்டும். புது அடுப்புடன் பழைய குழாயைப் பொருத்திச் செலவைக் குறைப்பது ஆபத்தானது.

வளிமத்துக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே அதில் மெர்காப்டன் என்னும் மணப்பொருள் சேர்க்கப்படுகின்றது. அம்மணம் வீசினால் ரெகுலேட்டரை மூடிக் கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். மின்விளக்கைப் போடுவதோ அணைப்பதோ கூடாது. எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906 ஆகும். வீட்டுக்கு வெளியே வந்த பின்னரே இவ்வெண்ணை அழைக்க வேண்டும்.