அடிக்கடி வேலை மாறுறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

ஈப்போவில் ஆறு வருடத்தில் மூன்றாவது வேலை. ஒவ்வொரு முறையும் சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் வீட்டில் பாட்டி மட்டும், "ஒரே இடத்துல நிலையா இருக்கக் கூடாதா, ஐயா?" என்கிறார். உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதானா?

பாட்டி ஏன் பயப்படுகிறார்?

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. பால் வெட்டுவதை விட்டால் லயத்து வீட்டையும் விடணும். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டு ஆட்களை நிறுத்தியபோது, 1980-இல் வந்த பணிநீக்க விதிமுறைப்படி, இழப்பீடு எத்தனை வருடம் வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஆக, பாட்டியின் பயத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. அந்த விதி இன்றும் உங்களுக்குப் பொருந்தும்.

வேலை மாறினால் எது பூஜ்யத்துக்குப் போகும்?

1955 வேலைவாய்ப்புச் சட்டம் ஒரே முதலாளியிடம் நீங்கள் இருந்த காலத்தைத்தான் பார்க்கிறது. குறைந்தபட்ச உரிமைகள் இவை:

• ஆண்டு விடுப்பு: 2 வருடத்துக்குள் 8 நாள், 2 முதல் 5 வருடம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள்.
• எம்.சி.: அதே வரிசையில் 14, 18, 22 நாள்.
• ஆட்குறைப்பு இழப்பீடு: ஒரு வருடம் முடிந்தால், வருடத்துக்கு 10 நாள் சம்பளம். 2 வருடம் முதல் 15 நாள், 5 வருடம் முதல் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கே இது.

ஆறு வருடம் ஒரே கம்பெனியில் இருந்து ஆட்குறைப்பு வந்தால் 120 நாள் சம்பளம். அதே ஆறு வருடத்தை இரண்டிரண்டாக மூன்று கம்பெனியில் கழித்திருந்தால், கடைசி இடத்தில் 30 நாள்தான்.

எது கூடவே வரும்?

உங்கள் இ.பி.எஃப் கணக்கு. கம்பெனி மாறினாலும் சேமிப்பு அப்படியே இருக்கும். நடுவில் சும்மா இருக்கும் மாதங்கள்தான் சிக்கல். 2,500 ரிங்கிட் சம்பளத்துக்கு உங்கள் 11 விழுக்காடு, முதலாளியின் 13 விழுக்காடு சேர்ந்து மாதம் 600 ரிங்கிட். மூன்று மாத இடைவெளி என்றால் 1,800 ரிங்கிட் சேராமல் போகிறது. நீங்களாகவே ராஜினாமா செய்தால், சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்ட உதவியும் கிடைக்காது.

அப்போ மாறவே கூடாதா?

மாறலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் புதுத் திறனோ, கூடுதல் பொறுப்போ கிடைத்தால் நேர்முகத் தேர்வில் அதைத் தைரியமாகச் சொல்லலாம். அதே வேலையை நான்கு இடத்தில் ஆறாறு மாதம் செய்திருந்தால், "இங்கே எத்தனை நாள் இருப்பீங்க?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கணும். 400 ரிங்கிட் கூடுதே என்று கேஎல் போனால், அறை வாடகையே அதை விழுங்கிவிடலாம்.

கடிதம் கொடுப்பதற்கு முன்

புது வேலைக் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டாச்சா? இரண்டு வருடக் கோட்டை எட்ட இன்னும் எத்தனை மாதம்? ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு? அதில் எதுவும் எழுதாவிட்டால் 2 வருடத்துக்குள் 4 வாரம், 5 வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தக் காலத்துச் சம்பளத்தை நீங்கள் கட்ட வேண்டி வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் புது வேலைதான் லாபம் என்றால், போங்க. பாட்டியிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்க.