அலமாரிச் சாவி யார் கையில்?

ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் புத்தகம் தருபவர்கள் பலர். அது குழந்தையின் வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர்கள் சிலரே.

மார்ச் கடைசி வாரத்தில் தில்லி கிட்வாய் நகரில் கபாடிவாலாக்களுக்கு நல்ல அறுவடை. ஏப்ரல் 1ஆம் தேதி புதிய கல்வி ஆண்டு பிறந்துவிடும். முடிந்துபோன வகுப்பின் பாடப் புத்தகங்கள், கைடுகள், பாதி எழுதிய நோட்டுகள் எல்லாம் கட்டுக்கட்டாகத் தராசில் ஏறும். எல்லாமே எடைக்குப் போய்விடுவதில்லை. ஒரு கட்டு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பைக்குள் போகும். அவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் குழந்தை இருக்கிறதே!

நல்ல மனதோடு தரப்படும் கட்டுதான். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் ஆறாம் வகுப்பு ஆங்கில சமூக அறிவியல் இருக்கும். வீட்டிலிருக்கும் குழந்தையோ இந்தி மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. சில வாரங்களில் அந்தக் கட்டும் வேறொரு தராசில் ஏறிவிடும். இலவசப் புத்தகம் என்ற ஏற்பாட்டின் சிக்கல் முழுவதும் இந்தப் பைக்குள் அடங்கியிருக்கிறது. என்ன புத்தகம், எந்த மொழியில், யார் தேர்ந்தெடுத்தது என்ற மூன்று கேள்விகளையும் கொடுப்பவர் கேட்டுக்கொள்வதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரும் பின்னர் உணவு அமைச்சருமான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய அரசு ஊழியர் குடியிருப்பு இது. கிழக்குப் பகுதியில் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு, இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே கோட்லா முபாரக்பூரின் நெருக்கமான சந்துகள். ஒரு பக்கம் புத்தகங்கள் வீட்டை அடைக்கின்றன. இன்னொரு பக்கம் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு அச்சுத்தாளே இல்லாத வீடுகள். நடுவே ஒரு தெருதான்.

பாடப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கான இலவசப் பாடநூலுக்குத் தொடக்க வகுப்புகளில் தலைக்கு ரூ. 250 வரையும், நடுநிலை வகுப்புகளில் ரூ. 400 வரையும் ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 12ஆம் வகுப்பு வரை பாடநூல்கள் இலவசம். இந்த விஷயத்தில் அரசுகள் கை கழுவிவிட்டதாகச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு குழந்தைகள் படிக்கிறார்களா? 2024ஆம் ஆண்டின் 'அசர்' கிராமப்புற ஆய்வு சொல்லும் கணக்கு சங்கடமானது. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. ஐந்தாம் வகுப்பில்கூட இது 44.8 சதவீதம்தான். இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று வெளிப்படையானது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு ஆழக் கிணறு எப்படியோ, எழுத்துக் கூட்டும் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் அப்படி. பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமும் உள்ள கதைப் புத்தகங்கள்தான் அதற்குப் படித்துறை. வசதியான வீட்டுக் குழந்தை பள்ளியில் சேரும் முன்பே அந்தப் படிகளில் இறங்கிப் பழகிவிடுகிறது. மற்றக் குழந்தைக்குப் பள்ளிதான் முதல் படி; பல சமயம் அதுவே கடைசிப் படியும்.

இதுவும் அரசுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் வகுப்பறை, ஆசிரியர் ஆகியவற்றோடு நூலகப் புத்தகங்களும் வேண்டும் என்றது. இன்றைய சமக்ர சிக்ஷாவிலும் பள்ளியின் நிலையைப் பொறுத்து நூலகத்துக்கென்று ஆண்டுக்கு ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை மானியம் உண்டு.

ஆனால் புத்தகம் பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் அதற்கு வேறொரு பெயர் வந்துவிடுகிறது: அரசு உடைமை. இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. தணிக்கையில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஒரு புத்தகத்தைக்கூடக் குழந்தைகள் தொடவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விளைவு: பீரோவுக்குப் பூட்டு. சாவி தலைமை ஆசிரியரிடம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிழிந்த புத்தகத்துக்குத் தண்டனையும் கிழியாத புத்தகத்துக்குப் பாராட்டும் கிடைக்கும் இடத்தில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

பூட்டைத் திறக்கும் வழியை ஒரு தமிழர் எப்போதோ சொல்லிவிட்டார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். பாதுகாத்து வைப்பதற்கு அல்ல. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் வேண்டும் என்பது இரண்டாவது விதி. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த மாட்டு வண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடங்கிவைத்தார். புத்தகம் வாங்க வசதி இல்லாத கிராமங்களுக்குப் புத்தகமே வண்டி ஏறிப் போயிற்று. 1948இல் சென்னை மாகாணம் இந்தியாவுக்கே முன்மாதிரியாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. தமிழ்நாட்டில் இன்றும் வீட்டு வரியோடு வசூலாகும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வாரிசு.

தலைநகரமும் இந்தப் பாடத்தைக் கற்காமல் இல்லை. 1951 அக்டோபரில் யுனெஸ்கோ உதவியோடு அமைந்த தில்லி பொது நூலகத்தை நேரு திறந்துவைத்தார். வாசகரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கலாம், கட்டணம் கிடையாது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, குடியிருப்புகளுக்குப் போகும் நடமாடும் வண்டிகள் என்பதெல்லாம் அன்றைக்குப் புதுமை. வளரும் நாடுகளுக்கு இது ஒரு மாதிரித் திட்டம் என்று யுனெஸ்கோ கருதியது. அந்த வேகம் நகரம் வளர்ந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

விட்டுப்போன இடத்தை இப்போது சிறிய அமைப்புகள் நிரப்பப் பார்க்கின்றன. எழுத்தாளர் மிருதுளா கோஷி உள்ளிட்டோர் தொடங்கிய 'கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட்' தில்லியிலும் குருகிராமிலும் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் நூலகங்களை நடத்தியிருக்கிறது. சந்தா இல்லை. தாமதக் கட்டணமும் இல்லை. பெரியவர்கள் குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது அன்றாட வேலை. அபராதம் ஐந்து ரூபாய் என்றாலும், அதைக் கட்ட முடியாத குழந்தை நூலகம் பக்கமே வராமல் போய்விடும் என்பது இவர்களின் வாதம். கணக்குப் பார்த்தாலும் நியாயம்தான். தொலைந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம், வராமல் போன குழந்தையைத் திரும்ப அழைப்பது எளிதல்ல.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாராவின் மனைவி மார்கரெட், வாஷிங்டனில் ஏழைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தான் கொண்டுபோன புத்தகங்களை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றதும் சிறுவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை சொந்தமாக ஒரு புத்தகம்கூட இருந்ததில்லை. அதன் விளைவாக 1966இல் பிறந்த 'ரீடிங் இஸ் ஃபண்டமென்டல்' இயக்கத்தில், எந்தப் புத்தகம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தன் தந்தையை நினைத்துப் பாடகி டாலி பார்ட்டன் 1995இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய திட்டம், ஐந்து வயது வரை குழந்தையின் பெயருக்கே மாதம் ஒரு புத்தகத்தைத் தபாலில் அனுப்புகிறது. இதுவரை 20 கோடிக்கும் அதிகமான புத்தகங்கள். இரண்டிலும் கிடைப்பது ஊரார் வீட்டு மிச்சம் அல்ல, புதுப் புத்தகம்.

தில்லித் தமிழ்க் குழந்தைகளின் விஷயத்தில் இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. கிட்வாய் நகரிலிருந்து சில கி.மீ. கிழக்கே, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டி இருந்தது மதராஸி கேம்ப். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த குடிசைப் பகுதி. பெண்கள் பலர் சுற்றுப்புறக் காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். கால்வாயைத் தூர் வாருவதற்காக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. கிடைத்த இடம் நகரின் வடகோடியில் உள்ள நரேலா. ஏறக்குறைய 40 கி.மீ. தூரம்.

வீட்டோடு போனது வேலை மட்டுமல்ல. 1923இல் வேர் விட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம் என்று பெரும்பாலும் அரசு ஊழியர்கள் வாழ்ந்த பகுதிகளில் எழுந்தவை. அமைச்சக அதிகாரியின் மகனும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் மகளும் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ள இருந்த இடங்கள் அவை. நரேலாவில் அப்படி ஒரு பள்ளி இல்லை. அங்கே அரசுப் பள்ளியில் சேரும் குழந்தைக்கும் இலவசப் புத்தகம் கிடைக்கும்; இந்தியில். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் ஒரு வரிகூட அச்சில் பார்க்காமலே அது வளர்ந்துவிடலாம். ஊரில் இருக்கும் பாட்டி சொல்லும் கதை காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது.

தமிழில் நல்ல குழந்தைப் புத்தகம் இல்லை என்று சாக்குச் சொல்ல இனி இடமில்லை. கார்ட்டூனிஸ்ட் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டும் 1957இல் இதே நகரத்தில் பிறந்தவை. பல ஆண்டுகள் கிட்வாய் நகருக்கு அருகே கிரீன் பார்க்கிலிருந்து இயங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் தமிழ் நூல்கள் உண்டு. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழி நூல்களை வெளியிடுகிறது. 2004இல் பெங்களூரில் ஆரம்பித்த பிரதம் புக்ஸ், 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருகிறது. இறக்கி அச்சிட்டுக் கொடுத்தாலும் உரிமைத் தொகை கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று குழந்தையின் படிக்கும் திறனுக்கு ஏற்ப நூல்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறது. நரேலாவுக்கு இவற்றில் ஒரு பெட்டி போய்ச் சேர ரயில் கட்டணம் பெரிய செலவல்ல.

பெட்டியைத் திறந்து உட்கார ஓர் ஆள்தான் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, தரையில் ஒரு பாய், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர். கிட்வாய் நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் ஓய்வு பெற்ற தமிழர்கள் கொஞ்சமல்ல. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் கூடும் கூட்டத்தில் பத்துப் பேர் மனது வைத்தால் போதும்.

அதுவரை, கிட்வாய் நகர் வீடுகள் அடுத்த மார்ச்சில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய கட்டைப் பைக்குள் திணிக்கும் முன், குழந்தை எந்த வகுப்பு, என்ன மொழி படிக்கிறது, என்ன கதை பிடிக்கும் என்று அதன் அம்மாவிடம் கேட்கலாம். பதில் தெரிந்த பிறகு கட்டு பெரும்பாலும் எடைக்குத்தான் போகும். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால், அந்தக் குழந்தை கேட்ட புத்தகத்தையே புதிதாக வாங்கிவிடலாம். முதல் பக்கத்தில் அதன் பெயரை எழுத மட்டும் மறக்கக் கூடாது.