சாயவேர்: சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிக்குப் பின்னால் இருந்த செடி எது? ஏன் மறைந்தது?

காரைக்காலை 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். பக்கத்தில் தரங்கம்பாடியில் 1620 முதலே டேனிஷ்காரர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர்கள். சில மைல் தூரத்துக்குள் இத்தனை நாட்டுக் கொடிகள் ஏன்? முக்கியக் காரணங்களில் ஒன்று பருத்தித் துணி. துவைத்தாலும் வெளுக்காத அதன் சிவப்புக்கு உலகமெங்கும் கிராக்கி. அந்தச் சிவப்பு வந்தது ஒரு சின்னச் செடியின் வேரிலிருந்து!

சாயவேர் என்றால் என்ன?

கடலோர மணலில் தரையோடு படரும் சிறு செடி. சித்த மருத்துவத்தில் இதன் பெயர் இம்பூறல். இருமலுக்குக் கொடுக்கும் மூலிகை என்றால் பலருக்குத் தெரியும். இதன் வேர் மெல்லிசாக, நீளமாக இருக்கும். வேரின் பட்டையில்தான் அலிசரின் என்ற சிவப்புச் சாயப் பொருள் இருக்கிறது.

வேரைக் கொதிக்க வைத்துத் துணியை முக்கினால் போதுமா?

போதாது. வெறுமனே முக்கினால் பருத்தியில் சாயம் நிற்காது, அலசினால் போய்விடும். அதனால் முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். கடுக்காயைக் கடித்தால் நாக்கில் ஒரு துவர்ப்பு பிடிக்கும் அல்லவா? அதுதான் டானின். இது பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து படிகாரக் கரைசலால் பூ, கொடி என்று வரைவார்கள். படிகாரம் டானினைப் பிடிக்கும், அலிசரின் படிகாரத்தைப் பிடிக்கும். படிகாரம் பட்ட இடம் மட்டும் நிரந்தரச் சிவப்பாகும். மற்ற இடத்தில் ஏறிய நிறம் அலசி வெயிலில் காயவைக்கும்போது போய்விடும்.

படிகாரத்துக்குப் பதில் இரும்புக் கரைசல் வைத்தால்? டானினோடு சேர்ந்து கருப்பாகிவிடும். கலம்காரி ஓவியத்தின் கருப்புக் கோடு இப்படித்தான் வருகிறது.

இந்த முறைகளை எல்லாம் 1742-ல் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விரிவாகக் கடிதம் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம்ம ஊர்ச் சாயக்காரர்களின் தொழில் நுட்பம் அப்படியே கடல் தாண்டியது.

வேரைத் தோண்டியது யார்?

வேருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இலங்கை ஒரு சாட்சி. யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் சாயவேர் எடுக்கும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட சமூகத்தினர் வேர் தோண்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. பளபளத்த துணிக்குப் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு?

1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரு வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே காப்புரிமை. பிறகு ஆலைச் சாயம் மலிவாகக் குவிந்தது. நிலத்தில் வளர்த்து, தோண்டி, காயவைத்து, இடித்து எடுக்கும் வேரால் அதோடு போட்டி போட முடியவில்லை. ஐரோப்பாவில் இதே சாயம் தந்த மஞ்சிட்டி வகைச் செடியின் விவசாயமும் இப்படித்தான் விழுந்தது.

மீண்டும் வருமா?

இயற்கைச் சாயத்துக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இலையைப் பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். வேரை எடுத்தால் செடியே போச்சு. எனவே காட்டுச் செடியைத் தோண்டாமல், பயிரிட்டு எடுப்பதுதான் நிலைக்கும் வழி.

இன்னொன்று: வேரின் அலிசரினும் ஆலை அலிசரினும் ஒரே மூலக்கூறு. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 'இயற்கைச் சாயம்' என்று கூடுதல் விலை கேட்டால், எந்த வேர், எங்கே விளைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.